முகம் பார்த்துப் பேசுகிறவர்

நான் பேசும்போது என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்ப்பார். இதில் என்ன பெருமை என்று கேட்பவர்கள் எங்கள் ஊர்ப்பக்கத்து ஆண்களோடு குடும்பம் நடத்திப் பார்க்காதவர்கள். இங்கே பனியன் கம்பெனி முதலாளியானாலும் சரி, தோட்டத்துக்காரரானாலும் சரி, மனைவி பேசும்போது கண் செல்போனில் இருக்கும், இல்லாவிட்டால் டிவியில் இருக்கும். வாய் மட்டும் ‘ம்’ கொட்டும். இன்றைக்கு அண்ணி என்ன நிறத்தில் சேலை கட்டியிருக்கிறாள் என்று என் அண்ணனிடம் கேட்டால் திருதிருவென்று விழிப்பான்.

எங்கள் வீட்டில் அப்படி இல்லை. கேஸ் தீர்ந்துவிட்டது என்று சொன்னால்கூடக் கையில் இருப்பதை வைத்துவிட்டு எழுந்து வந்து, எதிரே நின்று கேட்டுக்கொள்வார். ஐம்பதைத் தாண்டிய பிறகு இது இன்னும் கூடியது. ஒரு கல்யாண வீட்டில் நாங்கள் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு என் நாத்தனார், அவருடைய அக்கா, பந்தியில் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். "என்ற தம்பி சாமி கும்படறப்பக்கூட இப்படிக் கண்ண எடுக்காம நிக்க மாட்டானுங்க." சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் வெட்கப்படுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன். உள்ளுக்குள் எனக்குத் தலைகால் புரியவில்லை.

இத்தனைக்கும் எங்களைப் பற்றிச் சொந்தக்காரர்கள் முதலில் சொன்னது வேறு. ‘கையைப் புடிச்சுட்டு ஆடற சோடி’ என்று முகத்தைச் சுளித்தார்கள். கல்யாணமாகிக் கொஞ்ச நாளில் அவருக்கு ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை கிடைத்து, பெங்களூர் ஆபீசில் போட்டார்கள். நாங்கள் குடியிருந்த அபார்ட்மெண்டின் கீழே ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்விங் டான்ஸ் கிளாஸ் நடக்கும். ஜோடி குறைகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்களை இழுத்துக்கொண்டு போனார்கள். கோயிலுக்குக் கிளம்பியிருந்த நான் அதே பட்டுச் சேலையோடு போய் நின்றேன். அங்கே ஒரு பழைய டிரம்பெட் பாட்டைப் போட்டதும் இவர் என் கையைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். முந்தானை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். திட்டுவதற்கு வாயைத் திறந்தவள் சிரித்துவிட்டேன். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை.

ஸ்விங் இரண்டு பேர் ஆடுவது. ஒருவர் கையால் குறிப்புக் கொடுப்பார், மற்றவர் அந்தக் குறிப்பில் திரும்புவார், சுற்றுவார், போய் வருவார். எங்களில் குறிப்புக் கொடுப்பவர் அவர். "முந்தாத அம்மிணி, நான் கை குடுக்கறப்பத் திரும்பு" என்பதுதான் கல்யாண வாழ்க்கையில் நான் அதிகம் வாங்கிய திட்டு. டேப் டான்ஸ் அதற்குப் பின்னால் வந்தது. ஷூவின் நுனியிலும் குதியிலும் உலோகத் தகடு பதித்திருப்பார்கள், காலையே தாளக் கருவியாக வைத்துக்கொண்டு ஆடுவது. அதில் எனக்கு ஆசை, அவருக்கு வெறி.

திருப்பூருக்குத் திரும்பி வந்து, வேலையில் இருந்துகொண்டே கிளாஸ் ஆரம்பித்தோம். வேலையை விட்ட பின் அதுவே முழு வேலையாகிவிட்டது. டேப்புக்கு மரத்தரை வேண்டும், சிமெண்டில் ஆடினால் முட்டி போய்விடும். மூடிப்போன ஒரு பனியன் கம்பெனியின் கட்டிங் டேபிள்களை வாங்கி, அவற்றின் பலகைகளைக் கழற்றி, வாடகைக்குப் பிடித்த ஒரு மாடி ஹாலில் சட்டம் அடித்து அவர்தான் பதித்தார். துணி வெட்டிய கத்தியின் கீறல்கள் அதில் இன்னும் இருக்கின்றன. இந்த ஊரில் வேறு எதை வைத்துத் தரை போடுவது? மெர்ச்சண்டைசர்கள், கம்பெனி வீட்டு மருமகள்கள், ஒரு பல் டாக்டர், தையல் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட வடக்கத்திக்காரர் ஒருவர் என்று அந்தக் கீறல்களின்மேல் ஆடாத ஆள் இல்லை.

நிகழ்ச்சிகளுக்கும் போவோம். கம்பெனி ஆண்டு விழா, பொங்கல் விழா, ரிசப்ஷன். மரியாதை செய்வதாக நினைத்து மேடையில் தடிமனாகச் சிவப்புக் கார்ப்பெட் விரித்து வைத்திருப்பார்கள். கார்ப்பெட்டில் டேப் ஆடினால் பஞ்சு மூட்டையில் குதித்த மாதிரிதான், ஒரு சத்தமும் வராது. கும்பிட்டுக் கேட்டு அதைச் சுருட்டச் சொல்வதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிடும். மாப்பிள்ளை வீட்டார் கோபித்துக்கொள்வதும் உண்டு.

கிளாசில் அவருடைய காதுதான் பிரசித்தம். டேப் ஷூவின் தகட்டை ஸ்க்ரூ வைத்துப் பொருத்தியிருக்கும். ஆட ஆட ஸ்க்ரூ தளரும். தளர்ந்தால் சுத்தமான ‘டக்’ வராது, பின்னாலேயே ஒரு கிலுகிலுப்பு ஒட்டிக்கொண்டு வரும். ஹால் முழுக்க ஆட்கள் ஆடிக்கொண்டிருக்கும்போது இவர் கையை உயர்த்துவார். எல்லாரும் நின்றதும், "கடைசி வரிசைல, வலது கால், குதித் தகடு" என்று சொல்லி ஸ்க்ரூ டிரைவரை நீட்டுவார். ஒரு தடவையும் தப்பியதில்லை.

பத்திரிகைக்காரர்கள் யாராவது வந்தால் தவறாமல் ஒன்று கேட்பார்கள். இவர் பொங்கலூர் பக்கத்தில் விசைத்தறி வைத்திருந்த குடும்பம். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து கல்யாணம் வரை தறிக்குடோனில் வளர்ந்தவர். அந்தத் தறியின் சத்தம்தானே உங்கள் காலுக்குத் தாளம் சொல்லிக் கொடுத்தது என்று ஆசையோடு கேட்பார்கள். "இல்லீங்க. தறிச்சத்தம் காதத்தான் அடைக்குமுங்க" என்பார். அவர்கள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

தறி ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. அதனால் குடோனில் யாரும் கத்துவதில்லை, உதட்டை அசைத்தே பேசிக்கொள்வார்கள். நான் புது மருமகளாக அந்த வீட்டுக்குப் போனபோது மாமியார் குடோன் வாசலில் நின்று சத்தமே இல்லாமல் வாயை அசைத்தார். அந்தக் கோடியில் தறியோடு நின்றிருந்த இவர் தலையாட்டிவிட்டுச் சாப்பிட வந்தார். நல்ல குடும்பத்தில்தான் வந்து மாட்டினோம் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு விஷயம் புரிந்தது. என் முன்னாலேயே என் சமையலைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டதும் பிறகுதான் புரிந்தது.

இவ்வளவும் தெரிந்திருந்தும் எனக்கு உறைக்கவில்லை.

இந்த வருடக் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிளாசுக்கு முன்னால் நின்று அவர் ஒரு புது அடியை ஆடிக் காட்டினார். ஆட ஆரம்பித்ததுமே கிலுகிலுவென்று சத்தம். சலங்கை கட்டிய கன்றுக்குட்டி ஓடுவது மாதிரி. அவருடைய இடது ஷூ. ஆடி முடித்து, "எங்க, ஆடுங்க பாக்கலாம், இதே மாதிரி சுத்தமா வரோணும்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. ‘உங்க ஷூதானுங்க லூசு’ என்று மாஸ்டரிடம் சொல்லிவிட மாட்டார்கள் எங்கள் ஆட்கள். எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

கிளாஸ் முடிந்து எல்லாரும் போன பின், அவர் முதுகைக் காட்டிக்கொண்டு துண்டு மடித்துக்கொண்டிருந்தார். நான் பின்னால் நின்றேன்.

"ஏனுங்க, உங்க ஷூவுல ஸ்க்ரூ லூசா இருக்குதுங்க."

அவர் அடுத்த துண்டை எடுத்தார்.

"ஏனுங்க, நம்ம ஊடு தீப்புடிச்சு எரியுதுங்க."

துண்டை இன்னொரு மடிப்பு மடித்து, நீவிவிட்டு, திரும்பினார். என் முகத்தைப் பார்த்தார். "என்னம்மிணி, ஏதாச்சும் சொன்னியா?"

ஒன்றுமில்லை என்றேன். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒவ்வொன்றாக விளங்கியது. ஸ்கூட்டரில் போகும்போது நான் எது சொன்னாலும் ‘சரி’ என்பார். கிளாஸ் ஹாலுக்கு ஏசி போடுவதற்கு அப்படித்தான் சம்மதம் வாங்கி வைத்திருந்தேன். பொங்கல் விழாவில் ஆடியது ஞாபகம் வந்தது. நடுவில் பாட்டு நின்றுவிடும், கால் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் போகும், மறுபடி பாட்டு வரும்போது இரண்டு பேரும் சேர்ந்து எடுக்க வேண்டும். அன்றைக்கு அவர் என்னைவிட ஒரு மயிரிழை பிந்தி எடுத்தார். வயசு, மூச்சு வாங்குகிறது என்று நினைத்தேன். அப்புறம் கடைசியாக அது விளங்கியது. பந்தியில் நாத்தனார் சொன்னதும் எல்லாரும் சிரித்ததும் நான் தலை குனிந்ததும் நினைவுக்கு வந்து, நடு ரோட்டில் எனக்கு முகம் எரிந்தது.

மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது மோர் டம்ளரை எடுத்து வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "காது கேக்குதுங்களா, இல்லீங்களா?"

டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "டம்ளர எடு" என்றார்.

நான் எடுக்கவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"கொஞ்சங் கொஞ்சமாப் போச்சு அம்மிணி" என்றார். "மொதல்ல குருவிச் சத்தம் போச்சு. அப்பறம் குக்கர் விசிலு. டேப்போட நுனிச் சத்தம் போனது இப்பத்தான்."

டம்ளரைக் கீழே வைத்தேன். "அப்பறம் எப்படி ஆடறீங்க?"

"கால்ல தெரியுது. பலகை அதிர்றது முட்டி வரைக்கும் வருது."

"பாட்டு?"

"உன்ற தோளு இருக்குதுல்ல. பாட்டு எடுக்கறப்ப உன்ற தோளு ஏறும். அதப் பாத்து எடுப்பேன்."

அப்படியானால் குறிப்புக் கொடுத்துக்கொண்டிருந்தது நான். முந்தாதே முந்தாதே என்று திட்டு வாங்கிக்கொண்டே நான்தான் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். இதைச் சொல்லிச் சண்டை போட்டிருக்கலாம். சண்டை வரவில்லை. வேறு ஒன்றைக் கேட்டுவிட்டேன்.

"அப்போ, இத்தன நாளா என்ற மூஞ்சியப் பாத்துப் பாத்துப் பேசினது?"

அவர் பொய் சொல்லியிருக்கலாம். அவருக்குப் பொய் வராது. "பாக்காட்டி நீ சொல்றது எப்படித் தெரியும்?" என்றார்.

சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவர் காதுக்காக அழுதேன் என்று எழுத ஆசைதான். முதலில் அழுதது எனக்காக. குழாயைத் திறந்துவிட்டதே வீண் வேலை, அவருக்கு எப்படியும் கேட்டிருக்காது என்பது பாதி அழுகையில்தான் உறைத்தது. அதில் சிரிப்பு வேறு வந்து தொலைத்தது.

கை கழுவ வந்தவர் என் பக்கத்தில் நின்று முடிவாகச் சொன்னார். "வர்ற ஞாயித்துக்கெழம எல்லார்த்துகிட்டயும் சொல்லிரலாம். ஸ்விங்கு வேணுமுன்னா நீ எடு. டேப்பு வேண்டாம். சத்தங் கேக்காதவன் சத்தத்தச் சொல்லித் தரக் கூடாது."

"காதுக்கு மிஷின் வெச்சுக்கலாமுங்க."

"காதுல ஒண்ண மாட்டிட்டு நின்னு, ஸ்க்ரூ லூசுன்னு நான் ஒருத்தருக்குச் சொல்றதா? வேண்டாம்."

அந்த வாரம் முழுக்கக் கெஞ்சினேன், திட்டினேன், பேசாமல் இருந்து பார்த்தேன். பேசாமல் இருந்தது அவருக்கு வசதியாகப் போய்விட்டது. ஷூவை எடுத்துத் துடைத்து, துணிப்பையில் போட்டு, பீரோவுக்கு மேலே வைத்துவிட்டார். காலையில் எழுந்ததும் பல் துலக்கிக்கொண்டே காலால் தட்டுகிற பழக்கம் அவருக்கு உண்டு. அதுவும் நின்றது. டேப் இல்லாத இவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் எனக்கு விருப்பமில்லை. அவர் வீட்டுக்குள் தாளம் தட்டாமல் நடக்கிற ஓசையைக் கேட்கவே பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வெறுங்காலோடு வந்து கிளாசின் முன்னால் நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். அவர் ஆரம்பிப்பதற்குள் முன் வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். ஒரு கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர், எங்களிடம் ரொம்ப காலமாக வருகிறவள். கையைத் தூக்கியவள் சத்தமே இல்லாமல் உதட்டை அசைத்தாள். இவர் கண் விரிந்தது. இவரும் சத்தமில்லாமல் ஏதோ கேட்டார். அவள் பதில் சொன்னாள். இவர் சிரித்துவிட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "என்ன கண்ணு, என்ன பேசறீங்க ரெண்டு பேரும்?"

"மாஸ்டரு ஷூ எங்கீங்கன்னு கேட்டேனுங்கக்கா. நீ தறிக்குடோனான்னு கேட்டாருங்க. ஆமாங்க, எங்கப்பா பல்லடத்துல தறி ஓட்டினாருங்கன்னேன்." அவள் என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். "எங்களுக்கு ரொம்ப நாளாத் தெரியுமுங்க. அதனாலதான் மாஸ்டருகிட்டப் பேசறப்ப எல்லாரும் நேரா வந்து நின்னு பேசறமுங்க. எங்கப்பாவும் இப்படித்தான் இருந்தாருங்க. இப்ப மிஷின் வெச்சுட்டு, நாங்க ரூமுக்குள்ள பேசறதக்கூடக் கேட்டுட்டு வந்து திட்டறாருங்க."

ஆக மொத்தம் ஊருக்கே தெரியும். கட்டினவளுக்குத்தான் தெரியவில்லை. ஆனால் எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு ஹால் நிறைய ஆட்கள் இந்த மனிதருக்குத் தெரியாமல் இவர் எதிரே வந்து வந்து நின்றிருக்கிறார்கள் என்று நினைத்தபோது, அவர்கள் ஒவ்வொருவருக்கும் சோறு போட வேண்டும் போல இருந்தது.

அதையும் அவள் உதட்டிலிருந்தே படித்துவிட்ட இவர், அந்தப் பெண்ணிடம் சத்தமாகவே கேட்டார். "உங்கப்பாவுக்கு அது காதுல உறுத்துதா கண்ணு?"

"மொத வாரம் உறுத்துச்சுங்க. இப்ப அதோடயே தூங்கிப் போயர்றாருங்க."

அடுத்த வாரம் காதைப் பரிசோதிக்கக் கோயமுத்தூருக்குப் போனோம். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். நான் வெளியே நின்று பார்த்தேன். ரொம்ப நேரம் அழுத்தாமலே உட்கார்ந்திருந்தார். பரீட்சையில் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நல்லவேளை, கண்ணாடி இருந்தது, இல்லாவிட்டால் உள்ளே போய் நானே அழுத்தியிருப்பேன்.

மிஷின் வந்தது. மாட்டிக்கொண்டு ஹாலுக்கு வந்து, நான் ஸ்க்ரூவை முடுக்கி வைத்திருந்த ஷூவைப் போட்டு, பலகையில் ஒரே ஒரு தட்டுத் தட்டினார். காதில் ஆணி அடித்த மாதிரி பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எழுந்து, மெதுவாக நுனியால் ஒரு தட்டு, குதியால் ஒரு தட்டு. "இது இப்படியா இருந்துச்சு?" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னை நடக்கச் சொன்னார். நடந்தேன். "உன்ற வலது ஷூவுல நுனித் தகடு லூசு" என்றார். குனிந்து பார்த்தால் லூசுதான். ஸ்க்ரூ டிரைவரோடு என் காலடியில் உட்கார்ந்து அவரே முடுக்கினார். மனது நிறைந்து போய் நின்றேன்.

அதற்கப்புறம்தான் தொல்லை. வீட்டில் நான் சமையலறையிலிருந்து ஒன்று சொன்னால் முன் ஹாலிலிருந்தே பதில் வந்தது. தலையைத் திருப்பாமல், பேப்பரைப் பார்த்துக்கொண்டே. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து முணுமுணுத்தாலும் கேட்டது. ஏசி வேண்டாம், மேலே மின்விசிறி போதும் என்று சொல்லிவிட்டார். குரலைத் தணித்துப் பேசிப் பார்த்தேன். "மெதுவாப் பேசினாலும் நல்லாக் கேக்குது அம்மிணி" என்று ஹாலிலிருந்து சந்தோஷமாகச் சத்தம் கொடுத்தார். அவருடைய காது திரும்பி வந்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் எதிரே வந்து நிற்க ஆள் இல்லை. இந்த வயதில் இதைப் போய் யாரிடம் சொல்லிக்கொள்வது? நாத்தனாரிடமா?

போன வாரம் காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். பாதியில் அடுப்பு அணைந்தது. நான் திரும்பக்கூட இல்லை. "கேஸ் தீந்து போச்சுங்க" என்று அடுப்பிடம் சொல்வதுபோல் சொன்னேன்.

"செரி, சொல்லி உட்டர்றேன்."

குரல் ஹாலிலிருந்து வரவில்லை. திரும்பினேன். ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில், பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். எனக்கு முதலில் பயம்தான் வந்தது. கிட்டப் போய்க் காதைப் பார்த்தேன். மிஷின் இருந்தது.

"பேட்டரி தீந்து போச்சுங்களா?"

"இல்லியே. நேத்துத்தான் மாத்துனேன்."

"அப்ப அங்கிருந்தே கேட்டிருக்குமே."

"கேட்டுச்சு."

"பின்ன எதுக்கு எந்திரிச்சு வந்தீங்க?"

அவர் யோசித்தார். இதைப் பற்றி அதுவரை அவர் யோசித்ததில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"காதுல மட்டும் கேட்டா, நீ பேசுன மாதிரியே இல்ல அம்மிணி" என்றார்.

நான் அடுப்புப் பக்கம் திரும்பி, வேகாத தோசையைக் கரண்டியால் கொஞ்ச நேரம் கிளறிக்கொண்டிருந்தேன். அவர் அங்கேயே நின்றார். பிறகு நான் கையைத் துடைத்துக்கொண்டு, அவர் பக்கம் திரும்பி, கேஸ் தீர்ந்து போய்விட்டது என்பதை அவர் முகத்துக்கு நேராக இன்னொரு தடவை சொன்னேன்.